காசு இருந்தும் வாங்க முடியாத ஊர்: வார்சாவும் பற்றாக்குறைப் பொருளாதாரமும்

போலந்தின் தலைநகர் வார்சாவில் மத்திய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடங்கள் கண்ணில் படும். ஒன்று, சோவியத் யூனியன் பரிசாகக் கட்டிக்கொடுத்து 1955-ல் திறந்த பண்பாடு அறிவியல் மாளிகை. உயரம் 237 மீட்டர். இன்னொன்று, 2007-ல் திறந்த ஸ்வோட்டே தராசி என்ற மால், அலையலையான கண்ணாடிக் கூரையோடு. முதல்முறை போகிறவர்கள் இரண்டையும் ஒரே படத்தில் அடக்கி, "கம்யூனிசம் போய் முதலாளித்துவம் வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன, மாலுக்கு நடந்து போகிற தூரத்தில் அரசு மானியத்தில் ஓடும் சாப்பாட்டுக் கடை ஏன் இன்னும் இருக்கிறது, 'வரிசை' என்ற பெயரில் ஒரு அரசு நிறுவனம் ஏன் பலகை விளையாட்டு தயாரித்தது என்பதற்கெல்லாம் அந்த வரி பதில் சொல்லாது. பதில் வேண்டுமென்றால் ஒரு கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் பற்றாக்குறைப் பொருளாதாரம்.

நமக்குப் பழகிய கடைவீதியில் சரக்கு நிறைய இருக்கும், கையில் காசுதான் போதாது. பற்றாக்குறைப் பொருளாதாரத்தில் இது தலைகீழ். சம்பளம் வந்துவிடும், வாங்குவதற்குச் சரக்கு இருக்காது. புயல் அடித்த வாரத்திலோ போர்க்காலத்திலோ இப்படி ஆவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் அன்றாட வாழ்க்கையே இப்படி ஓடினால்தான் அதற்கு இந்தப் பெயர்.

இதை ஆராய்ந்து கோட்பாடாக வகுத்தவர் யானோஷ் கோர்னாய் என்ற ஹங்கேரியப் பொருளியலாளர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த ஹங்கேரியில் வாழ்ந்துகொண்டே 1980-ல் தன் ஆய்வை வெளியிட்டார். அதிகாரிகள் சோம்பேறிகள், திட்டம் போட்டவர்களுக்கு அறிவில்லை என்று திட்டுவது எளிது. ஆனால் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆட்களின் கீழ், ஆண்டுதோறும் ஒரே மாதிரித் தட்டுப்பாடு வருகிறதென்றால் அமைப்புக்குள்ளேயே ஏதோ ஒன்று அதை உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். கோர்னாய் அதைத்தான் தேடினார்.

ஒரு அரசுத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். காலணி தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்தால் மூடிவிடுவார்களா? மாட்டார்கள். அரசு பணம் கொடுத்துத் தாங்கிவிடும். அது மேலாளருக்கும் தெரியும். ஆகவே செலவைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் இல்லை. அவருடைய பயமெல்லாம் வேறு: தோல் வராமல் போனால், பசை வராமல் போனால், திட்டத்தில் சொன்ன எண்ணிக்கையை எட்ட முடியாது. அதனால் தேவைக்கு மேல் கேட்டு வாங்கிக் கிடங்கில் பதுக்கி வைப்பார். எல்லா மேலாளர்களும் இதையே செய்யும்போது நாட்டில் எவ்வளவு உற்பத்தி ஆனாலும் போதாது. நஷ்டத்துக்குத் தண்டனை இல்லாத இந்த நிலையை, வரவு செலவுக் கட்டுப்பாடு இளகிப்போன நிலை என்றார் கோர்னாய். அவர் கண்டுபிடித்ததில் ஆணிவேர் இதுதான்.

அப்புறம் இன்னொரு விளைவு. செய்த காலணி எப்படியும் விற்றுவிடும், ஏனென்றால் வேறு காலணி கிடையாது. அளவு சரியாக இல்லை, தையல் பிரிகிறது என்று வாங்குபவர் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கே போவார்? கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடி அலையாமல், வாடிக்கையாளர் கடைக்காரரின் தயவைத் தேடுகிற சந்தை இது. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் விற்பனைப் பெண் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று அந்தக் காலத்தைப் பற்றிப் பயணிகள் எழுதிவைத்திருப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதை ஒரு இனத்தின் சுபாவம் என்று எழுதியதுதான் தவறு. அவரைச் சிரிக்கச் சொல்லும் எந்தக் காரணமும் அந்த அமைப்பில் இல்லை.

விலையை ஏற்றினால் என்ன?

ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு என்றால் விலை ஏறும், விலை ஏறினால் சிலர் வாங்குவதைக் குறைப்பார்கள், சிலர் அதிகம் தயாரிப்பார்கள், வரிசை கரையும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. போலந்து அரசுக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்ய முடியவில்லை. விலை அங்கே அரசு போடும் உத்தரவு என்பதால், விலை ஏறினால் கோபம் கடைக்காரர் மேல் போகாது, நேராக அரசு மேல் போகும்.

1970 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால் உணவுப் பொருட்களின் விலையை ஏற்றினார்கள். பால்டிக் கடலோரத் துறைமுக நகரங்களில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், ராணுவம் சுட்டது, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்சித் தலைவர் கொமுல்கா பதவியிழந்தார். அடுத்து வந்த கியெரெக் மேற்கு நாடுகளில் கடன் வாங்கிக் கொஞ்ச காலம் கடைகளை நிரப்பினார். 1976 ஜூனில் மறுபடி விலையேற்றம் அறிவித்தார்கள். ராதோம் நகரிலும் வார்சாவை ஒட்டிய உர்சுஸ் டிராக்டர் ஆலையிலும் போராட்டம் வெடித்ததும் ஒரே நாளில் திரும்பப் பெற்றார்கள். விலையை ஏற்ற முடியாததால் அதே ஆண்டு ஆகஸ்டில் சர்க்கரைக்குக் கூப்பன் வந்தது. 1980 ஜூலையில் இறைச்சி விலையில் கைவைத்தார்கள். அதிலிருந்து கிளம்பிய வேலைநிறுத்தங்கள்தான் ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய், சாலிடாரிட்டி தொழிற்சங்கமாக உருவெடுத்தன.

அந்தக் கப்பல் தளத் தொழிலாளர்கள் வைத்த 21 கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சுதந்திரத் தொழிற்சங்கம், பேச்சுரிமை எல்லாம் இருக்கும். அவற்றோடு, நிலைமை சீராகும்வரை இறைச்சிக்கு ரேஷன் கூப்பன் கொடுங்கள் என்பதும் ஒரு கோரிக்கை. அரசு ரேஷனைத் திணித்தது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே மக்களே கேட்டு வாங்கினார்கள். கூப்பன் இருந்தால் வரிசையில் முந்திப்போகிறவனும், பின்வாசல் வழியாக வாங்குகிறவனும் என் பங்கை எடுத்துக்கொள்ள முடியாது என்ற நம்பிக்கை அது. எனக்கு அந்த 21-ல் மிகவும் உருக்கமாகப் படுவது இந்தக் கோரிக்கைதான்.

கூப்பன் என்றதும் நம் ஊர் ரேஷன் கடை நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. நம் ரேஷன் அட்டை சந்தையில் கிடைக்கிற அரிசியை மலிவாகவோ இலவசமாகவோ தருகிறது. வேண்டாமென்றால் வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். போலந்துக் கூப்பன், வாங்குவதற்கு ஓர் அனுமதி மட்டும்தான். பணமும் கொடுக்க வேண்டும், கூப்பனும் கொடுக்க வேண்டும், கடையில் சரக்கும் வந்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில் கூடிவந்தால் இறைச்சி. 1981 ஏப்ரலில் தொடங்கிய இறைச்சிக் கூப்பன் 1989 வரை நீடித்தது. சாதாரணமாக ஒருவருக்கு மாதம் 2.5 கிலோ.

அந்தக் கூப்பன் அட்டையை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கான்ஸ்டிட்யூஷன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், கம்யூனிஸ்ட் கால வாழ்க்கையைக் காட்டும் சிறிய தனியார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மெல்லிய, மட்டமான தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பொருளும் அளவும் அச்சாகியிருக்கும். கடைக்காரர் கத்தரிக்கோலால் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துக்கொள்வார். சில கட்டங்களில் பொருளின் பெயர் இருக்காது, 'இருப்பு' என்று மட்டும் இருக்கும். நாளைக்கு எதற்குத் தட்டுப்பாடு வரும் என்று அச்சடித்தவர்களுக்கே தெரியாது. வரும்போது அந்தக் கட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள். சோப்பு, வெண்ணெய், மாவு, சிகரெட், மது, குழந்தைகளுக்குச் சாக்லேட் என்று பலவும் வெவ்வேறு சமயங்களில் கூப்பனுக்குள் வந்தன. புகைபிடிக்காதவர் சிகரெட் கூப்பனைக் கொடுத்துச் சாக்லேட் கூப்பன் வாங்கிக்கொள்வார். கொக்கோ கிடைக்காத 1980-களில் அந்தச் சாக்லேட்டும் பல நேரம் நிஜச் சாக்லேட் இல்லை. 'சாக்லேட் போன்ற தயாரிப்பு' என்று உறையிலேயே அச்சிட்டு விற்றார்கள்.

காசுக்குப் பதில் எது செல்லுபடியானது?

பணத்துக்கு மதிப்புக் குறைந்தால் வேறு ஏதாவது அதன் இடத்துக்கு வரும். வார்சாவில் மூன்று வந்தன.

முதலாவது நேரம். விடியற்காலையிலேயே வரிசை தொடங்கிவிடும். மரச்சாமான், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு நாள்கணக்கில் நீளும். யாராவது ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் பெயர்ப் பட்டியல் எழுதி, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் பெயர் அடிபடும். அரசு கேட்டுக்கொள்ளாமலேயே மக்கள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து ஒழுங்கு செய்துகொண்டார்கள். ஓய்வூதியம் வாங்குபவர்கள் கூலிக்கு நின்று கொடுத்தார்கள்.

இரண்டாவது ஆள் பழக்கம். இறைச்சிக் கடையில் வேலை செய்பவரைத் தெரிந்திருந்தால் கவுன்ட்டருக்கு அடியிலிருந்து பொட்டலம் வரும். பதிலுக்கு நீங்கள் மருத்துவராகவோ மெக்கானிக்காகவோ இருந்தால் அவருக்கு உங்கள் வேலை. காரைப் பற்றிச் சொன்னால் அந்த ஊர்க் கணக்கு சட்டென்று புரியும். 1973 முதல் தயாரான சின்ன ஃபியட் 126-க்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் தெருச் சந்தையில் பழைய கார், புதுக் காரின் அரசு விலையைவிட அதிகத்துக்கு விற்றது. வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்தது காத்திருக்காமல் இருப்பதற்கான விலை.

மூன்றாவது டாலர். 1972-ல் அரசே பெவெக்ஸ் என்ற கடைகளைத் திறந்தது. டாலரோ அதற்கு ஈடான வங்கிச் சீட்டோ இருந்தால் மட்டுமே அங்கே வாங்க முடியும், உள்நாட்டு நாணயமான ஸ்வோட்டி செல்லாது. மேற்கத்திய ஜீன்ஸ், வாசனைச் சோப்பு, லெகோ, காபி எல்லாம் அங்கே இருக்கும். வெளியூர்ப் பொருள் மட்டுமில்லை, சாதாரணக் கடையில் கிடைக்காத போலந்தின் சொந்தப் பன்றித்தொடை இறைச்சியும் அங்கே கிடைத்தது. வெளிநாட்டுக் கடனை அடைக்க டாலர் வேண்டும் என்பதால் சொந்த மக்களிடமே டாலருக்கு விற்றார்கள். அமெரிக்காவில் உறவினர் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். மற்றவர்கள் கடை வாசலில் காதோரமாகப் பேரம் பேசும் கள்ளச்சந்தைக்காரரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்ட அரசு, தன் நாணயத்தைத் தானே மறுக்கும் கடையை நடத்தியது. உள்நாட்டுச் சரக்கை வெளிநாட்டுப் பணத்துக்கு விற்பதை நிறுத்துங்கள் என்பதும் க்தான்ஸ்க் கோரிக்கைகளில் ஒன்று. கோபம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது அதில் தெரியும்.

வரிசை கரைந்த குளிர்காலம்

1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச்சின் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான விலைகளின் கட்டுப்பாடு நீங்கியது, நஷ்டத்தில் ஓடும் ஆலைகளுக்கு மானியம் குறைந்தது. அரசு உத்தரவு விலை, நஷ்டத்துக்குத் தண்டனை இல்லாத ஆலை என்ற இரண்டு முடிச்சுகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தார்கள். கடைகளில் சரக்கு வரத் தொடங்கியது. ஆனால் அந்த ஆண்டின் சராசரி விலைவாசி முந்தைய ஆண்டைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கானது. வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஒன்று இருப்பதாகவே அதுவரை கணக்கில் காட்டாத நாட்டில் 1990 முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாதவர்களாகப் பதிவு செய்திருந்தார்கள். சரக்கு இருக்கிறது, இப்போது காசு இல்லை. பற்றாக்குறை இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கட்டத்தை மால்களில் பார்க்க முடியாது, அதனால் பயணிகள் தவறவிட்டுவிடுகிறார்கள். மாலுக்கு முன்னால் தெரு இருந்தது. பண்பாட்டு மாளிகையைச் சுற்றியிருந்த அணிவகுப்புச் சதுக்கத்தில் மடக்குக் கட்டிலை விரித்து அதன்மேல் சட்டை, பேட்டரி, வாழைப்பழம் என்று வைத்து விற்றார்கள். லாரியின் பின்பக்கத்திலேயே விவசாயிகள் இறைச்சியை வெட்டிக் கொடுத்தார்கள். விஸ்துலா ஆற்றின் மறுகரையில், போரில் இடிந்த வார்சாவின் இடிபாடுகளைக் கொட்டிக் கட்டி 1955-ல் திறந்த விளையாட்டரங்கம் பாழடைந்து கிடந்தது. அதன் படிக்கட்டுகள் மேல் ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று முளைத்தது. உடைந்துகொண்டிருந்த சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களும் வியட்நாமியர்களும் அங்கே கடை போட்டார்கள். வியட்நாமியர்களில் சிலர் சோஷலிச நாடுகளுக்கிடையேயான மாணவர் பரிமாற்றத்தில் படிக்க வந்து தங்கிவிட்டவர்கள். இன்று வார்சா முழுக்க வியட்நாமிய உணவகங்கள் இருப்பதற்கு அந்தச் சந்தையும் ஒரு காரணம். அந்த இடத்தில்தான் இப்போது 2012 யூரோ கால்பந்துக்காகக் கட்டிய தேசிய விளையாட்டரங்கம் நிற்கிறது.

இந்தத் தெரு வியாபாரிகளை அசிங்கம் என்று நகரம் மெல்ல மெல்ல ஓரங்கட்டியது. அணிவகுப்புச் சதுக்கத்தில் அவர்களுக்கென்று இருந்த பெரிய தகரக் கொட்டகையை 2009 ஜூலையில் காலி செய்தபோது கைகலப்பும் கண்ணீர்ப்புகையுமாக முடிந்தது. அந்தச் சதுக்கத்தில் 2024-ல் நவீனக் கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். அழகான வெள்ளைக் கட்டடம். ஆனால் மடக்குக் கட்டில்காரர்கள்தான் இந்த நகரத்துக்குச் சந்தை என்றால் என்ன என்று செய்து காட்டியவர்கள். அவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகையாவது அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நோவி ஷ்வியாத் தெருமுனையில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்த சாம்பல் நிறக் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள். 1991 ஏப்ரல் 16 அன்று வார்சா பங்குச்சந்தை அங்கேதான் தொடங்கியது, ஐந்தே ஐந்து நிறுவனங்களின் பங்குகளோடு.

இன்றைய வார்சாவில் இதன் தடங்கள்

மால்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த ஐரோப்பிய நகரத்திலும் இருக்கும் அதே பெயர்ப்பலகைகள்தான். கவனிக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. 2018 மார்ச்சில் தொடங்கிப் படிப்படியாக ஞாயிறு வியாபாரத்தைத் தடை செய்தார்கள். 2020 முதல் ஆண்டில் சில ஞாயிறுகள் தவிர பெரிய கடைகள் மூடியிருக்கும். பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடை, முதலாளியே நின்று வியாபாரம் செய்யும் சிறு கடை போன்றவற்றுக்கு விலக்கு. இந்தச் சட்டத்தை முன்னெடுத்தது யார் தெரியுமா? இறைச்சிக் கூப்பன் கேட்ட அதே சாலிடாரிட்டி. காலி அலமாரிக்கு எதிராகப் பிறந்த சங்கம், நிரம்பிய அலமாரிக்குப் பின்னால் நிற்கிற விற்பனைப் பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு கேட்டது. வாங்குகிற உரிமைக்கு எதிரானது என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. இரண்டு முறையும் சங்கம் கவுன்ட்டரின் எந்தப் பக்கத்தில் வலி அதிகமோ அந்தப் பக்கம் நின்றிருக்கிறது.

அடுத்தது பால் உணவகம். 'பார் ம்லெச்னி' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வார்சாவில் தொடங்கியது. கம்யூனிஸ்ட் காலத்தில் தொழிலாளர்களுக்கான மலிவுச் சாப்பாட்டுக் கடையாக நாடெங்கும் பரவியது. உள்ளே போனால் சுவரில் எழுத்துகளைக் கோத்து மாட்டிய விலைப்பட்டியல். முதலில் கல்லாவில் பணம் கட்ட வேண்டும். சீட்டைச் சமையலறை ஜன்னலில் கொடுத்தால், உணவின் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியேரோகி, தக்காளி சூப், பழம் வேகவைத்த கொம்போத் பானம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப்போய் இன்னொரு ஜன்னலில் வைக்க வேண்டும். இறைச்சி சேராத உணவுகளுக்கு மூலப்பொருள் செலவில் ஒரு பகுதியை அரசு இன்றும் கொடுக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

இதைப் பழைய காலத்தின் எச்சம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மார்ஷல்கோவ்ஸ்கா தெருவில் உள்ள ப்ராசோவி என்ற பால் உணவகம் 2011-ல் மூடப்பட்டபோது இளைஞர்கள் உள்ளே புகுந்து தாங்களே சமைத்துப் பரிமாறிப் போராடினார்கள். 2013-ல் அது மறுபடி திறந்தது. கூப்பன் வரிசையில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். வரிசையைத் திரும்பக் கேட்கவில்லை. ஓய்வூதியக்காரரும் மாணவரும் ஒரே மேஜையில் சாப்பிடக்கூடிய இடம் தெருவில் ஒன்று இருக்கட்டும் என்றுதான் கேட்டார்கள்.

பலகை விளையாட்டு என்று முதலில் சொன்னேனே, அது 2011-ல் போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் வெளியிட்ட 'கொலெய்கா'. கையில் ஒரு பட்டியலோடு கடை கடையாகக் காய்களை வரிசையில் நிறுத்த வேண்டும். எந்தக் கடைக்குச் சரக்கு வரும் என்று தெரியாது. 'கைக்குழந்தையோடு வந்த தாய்' என்ற சீட்டு இருந்தால் வரிசையின் முன்னால் போய்விடலாம். வரிசையில் நின்றே இராத பிள்ளைகளுக்கு அந்தத் தவிப்பை விளக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு சோதனை. தவக்காலத்துக்கு முந்தைய வியாழக்கிழமை போலந்தில் எல்லோரும் பொன்ச்கி என்ற ஜாம் வைத்த டோனட் சாப்பிடுவார்கள். வார்சாவின் வோலா பகுதியில், 1925-ல் தொடங்கிய ஒரு குடும்பக் கடையின் முன்னால் அன்று மணிக்கணக்கில் வரிசை நிற்கும். படத்தில் பார்த்தால் 1980-களின் வரிசை போலவே இருக்கும். இதுவும் பற்றாக்குறைப் பொருளாதாரமா என்று கேட்டால், வரிசையை விட்டு விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இங்கே உள்ளே என்ன விற்கிறது, என்ன விலை என்று நிற்கிற எல்லோருக்கும் தெரியும். கால் வலித்தால் அடுத்த தெரு சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக அதே பண்டம் மலிவாகக் கிடைக்கும். அது இருந்தும் இவர்கள் இங்கே நிற்கிறார்கள், ஏனென்றால் இந்தக் கடையுடையது அதிக ருசி.